கையும் முதுகெலும்பும்

மாணவ நண்பர்களே, நிமிர்ந்து நடப்பது மனிதனுக்குரிய பெருமை. அப்பெருமைக்கு அவன் செலுத்தும் வரியே முதுகுவலி என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நம் முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆனது. அவற்றுள் கழுத்தில் ஏழும், மார்பின் பின்புறத்தில் பன்னிரண்டும், இடுப்பில் ஐந்துமாக 24 எலும்புகள் தனித்தனியே அசைவன; எஞ்சியவை கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. இந்த எலும்புத் தூணே தலையைத் தாங்குகிறது. நரம்புத் தண்டைத் தன்னுள் வைத்துக் காக்கிறது. குனியவும் வளையவும் இடந்தருகிறது. இத்தனை வேலைகளையும் ஒருங்கே செய்யும் உறுப்பு அவ்வப்போது நோவது வியப்பன்று. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் மக்கள் இடுப்புவலியால் வருந்தினர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

இத்துணைப் பழமையும் பரவலும் உடைய துன்பத்துக்கு மனிதன் கண்ட முதல் மருந்து அவனுடைய கையே. பிடித்தல், நீவுதல், இழுத்தல், அழுத்துதல் ஆகியவை எல்லா நாடுகளிலும் உண்டு. அத்தொழிலில் ஒரு கிளை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டில் தனி மருத்துவ முறையாக எழுந்தது. அதுவே கைரோபிராக்டிக். அதன் வரலாற்றை இன்று நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவ்வரலாற்றில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த முறையால் வலி தீர்கிறதா என்பது ஒன்று. தீர்வதாயின் ஏன் தீர்கிறது என்பது மற்றொன்று. இதைச் செய்வோருக்குத் தொழில் நடத்தும் உரிமை உண்டா என்பது மூன்றாவது. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் விடையாகக் கொண்டதனால் நூறாண்டுக் காலம் குழப்பம் விளைந்தது. அந்தக் குழப்பத்தில் அலைந்தவர்கள் வலியால் துடித்த எளிய மக்கள்.

முதலில் பழைய செய்தி. கிரேக்க மருத்துவரான ஹிப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் மூட்டுகளைப் பற்றிய நூல் ஒன்று உண்டு. நோயாளியைப் பலகைமேல் குப்புறக் கிடத்தி, இருபுறமும் இழுத்துப் பிடித்து, முதுகை அழுத்தும் முறை அதில் விவரிக்கப்படுகிறது. பிற்காலத்தில் ஐரோப்பாவில் இக்கைத்தொழில் பட்டம் பெற்ற மருத்துவரிடமிருந்து நழுவி, நாட்டுப்புற எலும்பு வைத்தியரிடம் தங்கியது. தந்தை மகனுக்குக் கற்பித்து வந்த தொழில் அது. இங்கிலாந்தில் 1736-ஆம் ஆண்டு எப்சம் என்னும் ஊரில் சாரா மேப் என்ற பெண்மணி எலும்பு வைத்தியத்தில் பெரும்புகழ் பெற்று விளங்கினார். லிவர்பூல் நகரில் ஈவன் தாமஸ் என்பவர் வழிவழி வந்த எலும்பு வைத்தியர். அவருடைய மகன் ஹியூ ஓவன் தாமஸ் முறையாக மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றார். குடும்பத் தொழிலின் நுட்பத்தையும் கைவிடவில்லை. தொடையெலும்பு முறிவுக்கு அவர் அமைத்த கட்டுச்சட்டம், அவருடைய உறவினரும் மாணாக்கருமான ராபர்ட் ஜோன்சின் முயற்சியால், முதல் உலகப் போரில் எண்ணற்ற வீரர்களின் உயிரைக் காத்தது.

1867-ஆம் ஆண்டில் லண்டன் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் இந்த எலும்பு வைத்தியர்களைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். நம்மால் குணமாகாத சிலர் அவர்களிடம் சென்று குணமடைகிறார்களே, அது எவ்வாறு என்பதுதான் அப்பேச்சின் பொருள். அவர்கள் இழைக்கும் தீங்கை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர்களிடமுள்ள நல்லதைக் கற்றுத் தீயதைத் தவிர்க்குமாறு மாணவர்களுக்கு அறிவுறுத்தினார். கற்றவர் தம்மினும் குறைந்த படிப்புடையோரிடம் கற்க முன்வருவது எளிதன்று. பேஜட்டின் மனப்பான்மை பலருக்கும் இருந்திருக்குமாயின், நான் சொல்லப்போகும் வழக்குகளில் பல எழுந்திரா.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே மருத்துவம் தாழ்ந்த நிலையில் இருந்தது. குருதியை வடித்தலும், பாதரசம் கலந்த மருந்தைப் புகட்டுதலும் மதிப்புக்குரிய சிகிச்சைகளாக நடந்தன. மருந்தே நோயினும் கொடியது என்று அஞ்சியவர் பலர். அத்தகைய நாளில், மருந்தின்றி நோய் தீர்ப்பேன் என்ற குரலுக்கு மக்கள் செவி சாய்த்தது இயல்பே. ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் மருத்துவர் 1874-இல் ஆஸ்டியோபதி என்ற முறையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் நகரில் அதற்கெனப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். எலும்புகளைச் சீர்செய்தால் குருதியோட்டம் சீர்ப்படும். குருதியோட்டம் சீர்ப்பட்டால் நோய் நீங்கும் என்பது அவர் கொள்கை.

கைரோபிராக்டிக் முறையின் தந்தை டேனியல் டேவிட் பாமர். கனடா நாட்டு ஒன்டேரியோவில் 1845-இல் பிறந்தவர். 1865-இல் அமெரிக்காவில் குடியேறியவர். பள்ளி ஆசிரியராக இருந்தார், தேனீ வளர்த்தார், பழச்செடி விற்றார், மளிகைக் கடையும் நடத்தினார். பின்னர், உடலின் காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லும் தொழிலை மேற்கொண்டு, 1887-இல் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டேவன்போர்ட் நகரில் அமர்ந்தார். மருத்துவக் கல்லூரியில் பயிலாதவர் எனினும் மருத்துவ நூல்களை விடாது கற்றவர். அவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. தாம் கண்டதை அவர் உண்மையாகவே நம்பினார்.

அவர் கண்டது என்ன? தாம் தொழில் நடத்திய கட்டடத்தில் துப்புரவுப் பணி பார்த்த ஹார்வி லில்லர்ட் என்னும் கறுப்பின மனிதருக்குப் பதினேழு ஆண்டுகளாகச் செவிப்புலன் மிகவும் குன்றியிருந்தது என்று பாமர் எழுதுகிறார். ஒருநாள் குனிந்து வேலை செய்கையில் முதுகில் ஏதோ விட்டுப்போனது போலத் தோன்றியதாகவும், அன்று முதல் காது கேளாமல் போனதாகவும் லில்லர்ட் கூறினாராம். பாமர் அவர் முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு முள்ளெலும்பு பிசகியிருப்பதாக உணர்ந்தார். அதைக் கையால் அழுத்தித் தள்ளினார். விரைவில் லில்லர்ட்டுக்குக் காது கேட்கலாயிற்று என்கிறார் பாமர். அதற்கு அவர் பிற்காலத்தில் குறித்த நாள் 1895, செப்டம்பர் 18.

இதே நிகழ்ச்சியை லில்லர்ட்டின் மகள் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். நண்பரோடு பேசிக்கொண்டிருந்த தம் தந்தையின் வேடிக்கைப் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த பாமர், கையிலிருந்த புத்தகத்தால் அவர் முதுகில் தட்டினாரென்றும், சில நாள் கழித்துக் காது சற்றே தெளிந்ததாகத் தந்தை கூறினாரென்றும் அவர் சொன்னார். எது உண்மையாயினும், உடற்கூற்று நூல் கற்ற மாணவர் இங்கே ஒரு தடையை எழுப்புவர். ஒலியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு உட்செவியில் தொடங்கி மண்டையோட்டுக்குள்ளேயே மூளையை அடைகிறது. அது முதுகெலும்பின் வழியே செல்வதன்று. அவ்வாறாயின், முதுகெலும்புப் பிசகு அந்த நரம்பை அழுத்திச் செவிடாக்கிற்று என்ற விளக்கம் நிற்பதற்கில்லை.

அந்நிகழ்ச்சிக்கு 51 நாள் கழித்து, 1895 நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் என்னும் பேராசிரியர் ஒரு புதிய கதிரைக் கண்டார். அவரும் தம் கண்டுபிடிப்பைக் கண்டு திகைத்தவரே. ஆனால் அவர் ஏழு வாரம் அறையை விட்டு அகலாமல் மறுபடி மறுபடி சோதித்தார். டிசம்பர் இறுதியில் முழு விவரத்தையும் வெளியிட்டார். சில வாரங்களுக்குள் பல நாட்டு அறிஞர்கள் அதே கருவியை அமைத்து அதே கதிரைக் கண்டனர். பாமரோ ஒரு மனிதரிடம் கண்டதிலிருந்து உலகத்து நோய்களுக்கெல்லாம் காரணம் கண்டுவிட்டதாக முடிவு செய்தார். நோய்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்புப் பிசகால் வருவன என்று 1910-இல் தாம் வெளியிட்ட பெருநூலில் எழுதினார். ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே பருவத்தில், எழுந்த இரு செய்திகள் இவை. ஒன்று பிறர் சோதிப்பதற்காக முன்வைக்கப்பட்டது. மற்றொன்று பிறர் நம்புவதற்காக முன்வைக்கப்பட்டது.

புதிய முறைக்குப் பெயர் வேண்டுமல்லவா? பாமரின் நோயாளியும் நண்பருமான சாமுவேல் வீட் என்ற பாதிரியார் கிரேக்க மொழி அறிந்தவர். கை என்னும் பொருளுடைய சொல்லையும் செயல் என்னும் பொருளுடைய சொல்லையும் இணைத்துக் கைரோபிராக்டிக் என்று பெயரிட்டார். கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் நம் 'கை'யோடு ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே. 1897-இல் பாமர் டேவன்போர்ட்டில் பள்ளி தொடங்கினார். ஆனால் உரிமம் இன்றி மருத்துவத் தொழில் நடத்தினார் என்று 1906-இல் அவர்மீது குற்றம் தீர்ப்பாயிற்று. அபராதம் கட்ட மறுத்துச் சிறை புகுந்தார். 23 நாள் கழிந்தபின் பணம் கட்டி வெளிவந்தார். பள்ளி அவர் மகன் பி. ஜே. பாமரின் கைக்கு மாறியது. தந்தை 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார்.

மகன் தந்தையினும் வல்லவர். விளம்பரக் கலையில் கைதேர்ந்தவர். 1910-லேயே எக்ஸ் கதிர்க் கருவியைப் பள்ளிக்கு வாங்கினார். ரான்ட்ஜனின் கதிர் இப்படிப் பாமரின் கொள்கைக்குத் துணையாக அழைக்கப்பட்டது. மூட்டு முற்றும் விலகியிருந்தால் அக்கதிர் காட்டும். ஆனால் கொள்கை கூறிய நுண்பிசகே எல்லா நோய்க்கும் மூலம் என்பதை அது மெய்ப்பிக்கவில்லை. வானொலி நேயர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. 1922-இல் பி. ஜே. பாமர் ஒரு வானொலி நிலையத்தை விலைக்கு வாங்கிப் பள்ளியிலேயே அமைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக விளங்கிய ரொனால்ட் ரீகன் 1932-இல் விளையாட்டு வருணனையாளராகத் தொழில் தொடங்கியது அந்த நிலையத்தில்தான். கை தொடக்கூடிய தொலைவைக் கடந்து குரல் எட்டும் தொலைவெல்லாம் அம்முறையின் புகழ் பரவிற்று.

புகழ் ஒருபுறம் வளர, வழக்கு மறுபுறம் வளர்ந்தது. 1907-இல் விஸ்கான்சின் மாநிலத்து லாக்ராஸ் நகரில் ஷெகாடாரோ மோரிகுபோ என்ற ஜப்பானியர், உரிமம் இன்றி ஆஸ்டியோபதி நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். தம் முறை ஆஸ்டியோபதி அன்று, வேறான கொள்கை உடையது என்று வாதாடி விடுதலை பெற்றார். இத்தீர்ப்பு கைரோபிராக்டிக் வரலாற்றில் ஒரு திருப்பம். வேறான கொள்கை இருப்பதே சட்டக் கேடயம் என்று ஆயிற்று. ஆகவே கொள்கையைச் சோதித்துத் திருத்துவதைவிடக் காப்பாற்றி வைப்பதே ஆதாயம் என்ற நிலை உண்டாயிற்று. கலிபோர்னியாவில் பலர் மனமுவந்து சிறை சென்றனர். 1922-இல் அம்மாநில மக்கள் வாக்களித்து உரிமச் சட்டம் கொணர்ந்தனர். கான்சாஸ் மாநிலம் 1913-இல் முதன்முதல் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா 1974-இல் இயற்றியது. ஒரு தொழில் நாடு முழுவதும் ஏற்புப் பெற 61 ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையே மருத்துவ உலகம் தன்னைத் தானே சீர்திருத்திக்கொண்டது. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910-இல் அறிக்கை வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். சொந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியர் என்பதை ஓர் ஆசிரியனாகிய நான் பெருமையோடு நினைக்கிறேன். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளையும், காசுக்குப் பட்டம் விற்ற பள்ளிகளையும் அவர் சிறிதும் இரக்கமின்றிச் சாடினார். பல பள்ளிகள் மூடப்பட்டன. மருத்துவக் கல்வி உயர்ந்தது. கைரோபிராக்டிக் முறையை மருத்துவத்தின் எல்லைக்குள் வைத்துப் பேசவும் அவர் உடன்படவில்லை.

1963-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் போலி மருத்துவத்தை ஒழிப்பதற்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் முதன்மை இலக்கு கைரோபிராக்டிக். அத்தொழிலாளரோடு கூடிப் பணிபுரிவதும், அவர்களிடம் நோயாளியை அனுப்புவதும் ஒழுக்கக்கேடு என்று மருத்துவர்கள் எச்சரிக்கப்பட்டனர். 1976-இல் செஸ்டர் வில்க் முதலியோர் சிகாகோ நீதிமன்றத்தில் சங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். வாணிபப் போட்டியைச் சதி செய்து தடுப்பதை விலக்கும் 1890-ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டமே அவர்களின் ஆயுதம். 1981-இல் தோற்றனர்; மேல்முறையீட்டில் மறுவிசாரணை பெற்றனர். 1987-இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், சங்கம் சட்டத்தை மீறிப் புறக்கணிப்பு நடத்தியது என்று தீர்ப்பளித்தார். 1990-இல் அத்தீர்ப்பு நிலைபெற்றது.

இத்தீர்ப்பை ஊன்றிப் படித்தல் வேண்டும். மருத்துவச் சங்கத்துக்கு நோயாளிகளின் நலத்தில் உண்மையான அக்கறை இருந்தது என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த அக்கறையை நிறைவேற்றப் புறக்கணிப்பைவிடக் கடுமை குறைந்த வழி இல்லை என்பதைச் சங்கம் நிறுவவில்லை என்றார். பொதுமக்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்பது அதன் பொருள். அதே வேளையில், கைரோபிராக்டிக் விஞ்ஞான முறையே என்று தாம் முத்திரை குத்தவில்லை என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். ஆகவே நீதிமன்றம் விடை கூறியது நம் மூன்றாம் கேள்விக்கு மட்டுமே. முதல் இரண்டும் அப்படியே நின்றன.

வெளியார் மட்டுமன்று, உள்ளிருந்தோரும் இதை உணர்ந்தனர். மருத்துவச் சங்கம் குழு அமைத்த அதே 1963-இல், கைரோபிராக்டிக் தொழிலைச் சேர்ந்த சாமுவேல் ஹோமோலா என்பவர் ஒரு நூல் எழுதினார். எல்லா நோய்க்கும் முள்ளெலும்பே மூலம் என்னும் கொள்கையைக் கைவிட்டு, முதுகுவலி, மூட்டுவலி ஆகியவற்றோடு நம் தொழிலை நிறுத்திக்கொள்வோம் என்று அவர் வாதாடினார். தொழிலுக்குள்ளேயே பழைய கொள்கையைப் பற்றி நிற்போர் ஒரு சாராரும், வலியைத் தணிப்பதே போதும் என்போர் மற்றொரு சாராருமாக இன்றும் கருத்து வேற்றுமை நிலவுகிறது.

இனி முதற்கேள்வி. வலி தீர்கிறதா? இதை அறிவது நினைப்பதுபோல் எளிதன்று. இடுப்புப் பிடிப்புப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறைவது. மிகவும் நோகும்போதுதான் நாம் வைத்தியரை நாடுகிறோம். அதன்பின் குறைவது இயல்பாகவே குறைந்ததா, வைத்தியத்தால் குறைந்ததா? ஒருவரை மட்டும் பார்த்தால் பிரம்மாவாலும் சொல்ல இயலாது. ஆகவே நோயாளிகள் பலரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரு சிகிச்சையும் மற்றொரு பிரிவுக்கு வேறு சிகிச்சையும் அளித்து, இறுதியில் எண்ணிப் பார்க்கிறார்கள்.

1990-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு 741 நோயாளிகளைக் கொண்டது. கைரோபிராக்டிக் சிகிச்சை பெற்றோர், மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவில் சிகிச்சை பெற்றோரைவிடச் சற்று நன்றாகத் தேறினர். 1998-இல் அமெரிக்காவில் 321 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை. மூன்றாம் பிரிவுக்கு முதுகைப் பேணும் வழிகளைச் சொல்லும் சிறு புத்தகம் ஒன்று மட்டும். முதல் இரு பிரிவினரும் புத்தகம் பெற்றவர்களைவிடச் சிறிதளவே மேம்பட்டிருந்தனர், செலவோ பன்மடங்கு. ஒரு சிறு புத்தகத்தின் ஆற்றலைக் கண்டு புத்தகத்தோடு வாழ்ந்த என் போன்றவர்கள் மகிழலாம். 2004-இல் பிரிட்டனில் 1,334 பேரைக் கொண்டு நடந்த ஆய்விலும் முதுகைக் கையால் இயக்கும் சிகிச்சைக்குச் சிறிய முதல் நடுத்தர அளவான பயன் தெரிந்தது. அங்கே அச்சிகிச்சையை அளித்தோர் கைரோபிராக்டிக் தொழிலாளர் மட்டுமல்லர். ஆஸ்டியோபதியினரும் உடலியக்க மருத்துவரும் இருந்தனர்.

இவற்றையும் இவைபோன்ற பலவற்றையும் நிறுத்துப் பார்த்தே, 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, திடீர் இடுப்புவலிக்கு முதலில் மேற்கொள்ளத்தக்க மருந்தில்லா வழிகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. வெந்நீர் ஒற்றடம் போன்ற வெப்பமும், உடம்பு பிடித்தலும் அதே பட்டியலில் உள்ளன. 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் நெடுநாள் இடுப்புவலிக்கு நிபந்தனையோடு இதற்கு இடமளித்தது. உடற்பயிற்சியையும் அறிவுரையையும் உடன் வைத்தது. ஆக, பாமர் சொன்னதுபோல் இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. பகைவர் சொன்னதுபோல் வெறும் பொய்யுமன்று. அளவான பயன் உடைய ஒரு கைத்தொழில்.

தலைவலியிலும் கழுத்துவலியிலும் நிலைமை அவ்வளவு தெளிவன்று. கழுத்திலிருந்து எழும் ஒருவகைத் தலைவலிக்குச் சிறிது பயன் இருக்கலாம். ஒற்றைத் தலைவலியை எடுத்துக்கொண்டு நார்வே நாட்டில் 104 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. உண்மையான சிகிச்சை பெற்றோருக்கும், அதுபோல் நடித்துச் செய்த பொய்ச் சிகிச்சை பெற்றோருக்கும் தலைவலி ஒரே அளவில் குறைந்தது! கழுத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் இரு நாளங்கள் கழுத்து முள்ளெலும்புகளின் துளைகளினூடே செல்கின்றன. அவற்றில் கிழிசல் நேர்ந்தால் பக்கவாதம் வரக்கூடும். அது மிக அரிது. நாளம் கிழியத் தொடங்கியவர்க்கே கழுத்து நோவதால், அவர் வைத்தியரை நாடும்போது பழி வைத்தியர்மேல் விழுகிறது என்றும் கூறுவர். ஆயினும் கழுத்தைத் திருப்பும் முன் இச்செய்தியை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று 2014-இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவுறுத்தியது.

இரண்டாம் கேள்வி, ஏன் தீர்கிறது என்பது. நரம்பை ஏதேனும் அழுத்தினால் வலி வரும் என்பது மெய்யே. 1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் வலி பாய்கிறது என்று காட்டினர். ஆனால் அங்கே பிசகியது எலும்பன்று; பெரும்பாலான இடுப்புவலிகளில் இத்தகைய காரணம் எதுவும் படத்தில் தெரிவதுமில்லை. சிகிச்சையின்போது எழும் 'மளுக்' என்னும் ஓசையைக் கேட்டு, எலும்பு தன் இடத்தில் விழுந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். விரல் மூட்டைச் சொடுக்கும்போது எக்ஸ் கதிரால் நோக்கிய லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 1947-லும், காந்த அதிர்வுப் படத்தால் நோக்கிய கனடா ஆராய்ச்சியாளர்கள் 2015-லும் கண்டது வேறு. மூட்டு நீரில் வாயுக் குமிழ் போன்ற வெற்றிடம் தோன்றும் ஓசையே அது. மூட்டு இளகுவதாலும், தசை தளர்வதாலும், வலியுணர்ச்சி சிறிது நேரம் மந்தப்படுவதாலும், அன்போடு ஒருவர் தொட்டுக் கவனிப்பதாலும் ஆறுதல் வருகிறது என்று இன்று கருதுகின்றனர்.

இக்கேள்விகளை வெளிப்படையாகக் கேட்கும் உரிமைக்கும் ஒரு வழக்கு நடந்தது. பஞ்சாபியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், குழந்தைகளின் சில நோய்களையும் கைரோபிராக்டிக் தீர்க்கும் என்ற கூற்றுகளுக்குச் சான்றில்லை என்று 2008-இல் எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சங்கம் வழக்கைக் கைவிட்டது. அதனால் எழுந்த கிளர்ச்சியும் துணைநின்று, 2013-இல் இங்கிலாந்தின் அவதூறுச் சட்டமே திருத்தப்பட்டது. ஒருகாலத்தில் புறக்கணிக்கப்பட்டு நீதிமன்றம் சென்றவர்கள், பிறிதொரு காலத்தில் கேள்வி கேட்டவரை நீதிமன்றத்துக்கு இழுத்தனர். சிகாகோவில் மருத்துவச் சங்கம் தவறிய இடமும் லண்டனில் கைரோபிராக்டிக் சங்கம் தவறிய இடமும் ஒன்றே. சான்றால் தீர்க்க வேண்டியதை இருவருமே அதிகாரத்தால் தீர்க்க முயன்றனர்.

மாணவர்களே, பயன்படத்தக்க சில சொற்களையும் கூறி முடிக்கிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டால் பல நாள் படுக்கையில் கிடப்பது நல்லதன்று. 1986-இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஏழு நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டோர் இரண்டு நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டோரைவிட விரைவில் தேறவில்லை. இயன்றவரை நடமாடுவதே நன்று. ஆனால் வலியோடு காய்ச்சல் இருந்தாலும், கால் வலுவிழந்தாலும் மரத்தாலும், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலும், கீழே விழுந்தபின் வலி வந்தாலும், எவருடைய கையையும் முதுகில் வைக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர், இன்னார் கை வைத்தார், எனக்குக் குணமாயிற்று என்று சொல்லக் கேட்பீர்கள். அவரை எள்ளி நகையாடாதீர்கள். அவர் பட்ட வலி உண்மை, அடைந்த ஆறுதலும் உண்மை. உடனே அதை உலகத்துக்கெல்லாம் விதியாக்கியும் விடாதீர்கள். இப்படி எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் தேறினர், செல்லாமலே தேறியவர் எத்தனை பேர் என்று பணிவோடு கேளுங்கள். டேவன்போர்ட்டில் 1895-இல் எவரேனும் அக்கேள்வியைக் கேட்டு, இன்னும் நூறு செவிடர்களை அழைத்துவந்து சோதித்திருந்தால், ஒரு நல்ல கைத்தொழில் தனக்குப் பொருந்தாத பெருஞ்சுமையை நூறாண்டு சுமந்திருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்பதால் நல்லது எதுவும் அழிந்துவிடாது; முதுகுவலிக்கு அந்தக் கைகள் தரும் சிறிய ஆறுதல், இத்தனை கேள்விகளுக்குப் பின்னும் நிலைத்து நிற்கிறது.